எடை போடாத மிச்சம்

என் அக்கா சாப்பிடாத சோற்றை அவள் சாப்பிட்டதாகப் பதிவு செய்தேன்.

தெரிந்தேதான் செய்தேன். அந்தச் சோறு அவள் வீட்டு அடுப்படியில், குப்பைக் கூடையில், முருங்கைக்காய்ச் சக்கைக்கும் கறிவேப்பிலைக் காம்புகளுக்கும் கீழே கிடந்தது. என் இரண்டு கண்ணாலும் பார்த்தேன். கூடையின் மூடியைச் சத்தம் வராமல் மூடிவிட்டுக் கூடத்துக்கு வந்து, தட்டில் மிச்சம் எவ்வளவு என்ற கேள்விக்குப் பூஜ்யம் என்று போட்டேன்.

இவ்வளவுதானா என்று நீங்கள் கேட்கலாம். தட்டில் பாதிச் சோறு! அதற்கா இந்த ஒப்பாரி என்று தோன்றலாம். தோன்றட்டும்... முழுவதையும் கேட்டுவிட்டுச் சொல்லுங்கள்.

மனிதர்கள் என்ன சாப்பிடுகிறார்கள் என்று கேட்டுக் குறித்துக்கொள்வது என் வேலை. இன்னும் சரியாகச் சொன்னால், அப்படிக் கேட்கிற முறை சரியானதுதானா என்று சோதிப்பது. ஹைதராபாத்தில் ஓர் ஆராய்ச்சிக் குழுவில் ஒப்பந்த ஊழியர் நான். பெரியவர்களின் உணவைக் கணக்கெடுக்க எங்கள் குழு ஒரு செயலி தயாரித்திருந்தது. நேற்றுக் காலையில் எழுந்ததிலிருந்து இரவு படுத்தது வரை வாயில் போட்ட அத்தனையையும் அது வரிசையாகக் கேட்கும். சோற்றுக் குவியல்களின் படங்களைக் காட்டி, இதில் எது உங்கள் தட்டு என்று கேட்கும். இதற்கு ரீகால் என்று பெயர்.

மக்கள் சொல்வதும் செயலி கணக்கிடுவதும் உண்மைக்கு எவ்வளவு பக்கத்தில் இருக்கின்றன? அதைப் பார்க்க, முதலில் இரண்டு முறை ரீகால் எடுத்துவிட்டு, ஒருநாள் நாங்கள் தராசோடு வீட்டுக்குப் போய் உட்கார்ந்துகொள்வோம். தட்டில் விழுவதையெல்லாம் எடை போடுவோம். சாப்பிட்டு முடித்ததும் மிச்சத்தை எடை போட்டுக் கழிப்போம். மறுநாள், எங்களில் வேறொருவர் போனில் அழைத்து, நேற்று என்ன சாப்பிட்டீர்கள் என்று செயலியை வைத்துக் கேட்பார். தராசு சொன்னதும் வாய் சொன்னதும் பொருந்தினால் செயலி பாஸ்.

கேட்க எவ்வளவு எளிதாக இருக்கிறது! செய்து பாருங்கள் தெரியும்.

எல்லோரும் பொய் சொல்கிறார்கள். கோபித்துக்கொள்ளாதீர்கள், உங்களைக் கேட்டாலும் சொல்வீர்கள். எண்ணெய் எவ்வளவு என்றால் இந்த ஊர் முழுவதும் ஒரே பதில்: "லைட்டா." பூரி பொரித்த வீட்டிலும் லைட்டா! சோறு எவ்வளவு? "நார்மல்." நார்மல் என்றால் எவ்வளவு? "நார்மல்னா... நார்மல்தான் மேடம்." அல்வாலில் ஒரு வீட்டில் கணவரைக் கேட்டால் மனைவி பதில் சொன்னார். "அவருக்கு நைட்டு ரெண்டு சப்பாத்திதான். ரெண்டே ரெண்டு." கணவர் மின்விசிறியைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். எங்கள் லாலாகுடா ரயில்வே குவார்ட்டர்ஸில் ஒருவர், ஞாயிற்றுக்கிழமை பிரியாணியைச் சும்மா டேஸ்ட் பார்த்ததாகச் சொன்னார். அவர் டேஸ்ட் பார்த்த பாத்திரத்தை அவர் மனைவி என் எதிரிலேயே கழுவிக்கொண்டிருந்தார். அதில் ஒரு குழந்தையைக் குளிப்பாட்டலாம்.

இப்படிக் கேட்டுக் கேட்டு எனக்கு மனிதர்கள் மேலேயே ஒரு சலிப்பு வந்துவிட்டது. ஒருவர் வாயைத் திறக்கும்போதே இவர் எவ்வளவு மறைப்பார் என்று கணக்குப் போட ஆரம்பித்துவிடுவேன்.

போதாததற்கு நம் வழக்கம் ஒன்று இருக்கிறது. விருந்துக்குப் போன இடத்தில் முதல் 'போதும்' யார் காதிலும் விழாது. இரண்டாவதும் விழாது. இலைக்கு மேல் கையை நீட்டி மறித்தாலும் விரலிடுக்கு வழியாக ஒரு கரண்டி வந்து விழும். கொஞ்சமாகச் சாப்பிடுகிறேன் என்பது நம் பெண்களுக்கு ஒரு மரியாதை. நன்றாகச் சாப்பிடுகிறேன் என்று எந்தப் பெண்ணாவது சொல்லிக் கேட்டிருக்கிறீர்களா? 'போதும்' என்றால் 'இன்னும் வை' என்று அர்த்தம் பண்ணுகிற வீட்டில் பிறந்து, குறைத்துச் சொல்பவர்களைப் பிடிக்கிற வேலைக்கும் வந்து சேர்ந்தேன்.

அப்படிப் பிடிப்பதற்கு எங்களிடம் ஒரு கணக்கே இருக்கிறது. ஒருவருடைய வயது, உயரம், எடை மூன்றையும் போட்டால், அவர் நடமாடுவதற்குக் குறைந்தது எவ்வளவு சாப்பிட்டாக வேண்டும் என்று வரும். அவர் சொல்வது அதற்கும் வெகு கீழே இருந்தால் செயலியில் சிவப்பு விழும். நம்பத்தக்கதல்ல என்று பொருள். அலுவலகத்தில் அப்படிப்பட்டவரை 'அண்டர்' என்போம். "அந்த அம்மா அண்டர்ப்பா, தூக்கிடு." தூக்கிவிட்டு வேறு ஆளைப் பிடிப்போம்.

நியாயமான கணக்குதான். அதில் ஓர் ஓட்டை உண்டு என்பதும் எங்களுக்குத் தெரியும். அந்த அம்மா சொன்னது உண்மையாகவே இருந்தால்? இருந்தால் அவர் இளைத்துக்கொண்டே போவார். கண்டுபிடிப்பது சுலபம். ஆளைத் தராசில் ஏற்றிப் பார்த்தால் போதும்.

ஏற்றிப் பார்த்தால் போதும்! இதை எழுதும்போதே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

வேலை முடியும் தறுவாயில் அல்வாலில் ஒரு பெண் பாதியில் விலகிவிட்டார். கணவருக்கு இராணுவத்தில் மாற்றல், மூட்டை கட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்கள். என் பங்கில் ஓர் ஆள் குறைந்தது. "ஒக்கரே கதா, மீனா!" என்றார் எங்கள் குழுத் தலைவி மேடம். ஒரே ஒருவர்தானே என்று. அவருக்கு அது ஒரே ஒருவர். எனக்கு ஒப்பந்தத்தை நீட்டிப்பார்களா மாட்டார்களா என்ற கேள்வி. வெயில் மண்டையைப் பிளக்கிற மாதத்தில் வீடு வீடாக ஏறி இறங்கினேன். தராசு என்றதும் கதவைச் சாத்தினார்கள். ஒருவர் நான் தங்க நகை எடை போட வந்திருக்கிறேன் என்று நினைத்து நாயை அவிழ்த்துவிட்டார்!

அப்போதுதான் செண்பகத்தக்காள் ஞாபகம் வந்தது.

மௌலா அலியில், அத்தான் வேலை பார்க்கிற கம்பெனிக் குடியிருப்பில் இருக்கிறாள். நாங்கள் திருநெல்வேலிக்காரர்கள். கல்யாணமாகி முதலில் இந்த ஊருக்கு வந்தவள் அவள். பிறகு ரயில்வே மாப்பிள்ளை ஒருவரைப் பார்த்து என்னையும் இங்கே இழுத்துக்கொண்டாள். இத்தனை வருடத்தில் அவள் தமிழ் கொஞ்சமும் மாறவில்லை. காய்கறி வண்டிக்காரர்களிடம் பொறுக்கிய இரண்டு மூன்று வார்த்தைகள் மட்டும் அதற்குள் குடியேறியிருந்தன. எதையாவது வேண்டாம் என்றால் "நக்கோட்டி" என்பாள். வேண்டாம் என்பதற்கு இந்த ஊர் உருதுவில் சொல்கிற 'நக்கோ'வும் எங்கள் ஊர் 'ஏட்டி'யும் சேர்ந்த அந்தச் சொல்லை உலகத்தில் வேறு யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

சொந்தக்காரர்களைச் சேர்க்கக் கூடாது என்பது விதி. அந்த விதி எதற்கு என்று இப்போது எனக்கு நன்றாகப் புரிகிறது. அன்றைக்கு அது வெறும் சடங்காகத் தெரிந்தது. யார் கேட்கப் போகிறார்கள்? யாரும் கேட்கவில்லை.

"நானாட்டி? என்னயவா ஆராய்ச்சி பண்ணப் போற?" அக்காவுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "வாட்டி வா. உனக்கில்லாமலா?"

முதல் நாள் போனபோது ஆளை எடை பார்க்கும் தராசைக் கொண்டுபோகவில்லை. அது கனம். பஸ்ஸில் கூட்டம். நிறுத்தத்திலிருந்து குடியிருப்பு வரை வெயிலில் அதைச் சுமக்க வேண்டும். எங்கள் அக்காதானே... "எவ்வளவு இருக்கே?" என்று கேட்டேன். ஏதோ ஒரு எண் சொன்னாள். எப்போது பார்த்த எடை என்று நான் கேட்கவில்லை. அப்படியே போட்டேன்.

கதவைத் திறந்தபோது அவள் ரவிக்கையின் கை தொளதொளவென்று இருந்தது. பக்கவாட்டில் புதிதாகப் பிடித்துத் தைத்த தையல் தெரிந்தது. பார்த்தேன். பார்த்துவிட்டு நான் சொன்னது என்ன தெரியுமா? "இளைச்சுட்டியேக்கா! சூப்பரா இருக்க!"

அக்கா எப்போதும் பூசின உடம்பு. இளைக்க வேண்டும் என்று இருபது வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தவள். என் பாராட்டைக் கேட்டு அவள் முகம் ஒரு கணம் எப்படியோ ஆனது. பிறகு சிரித்தாள். "டயட்டுட்டி" என்றாள். நான் அதற்கும் சந்தோஷப்பட்டேன். உணவு நிபுணி அல்லவா நான்!

ரீகால் ஆரம்பித்தேன். காலையில் என்ன சாப்பிட்டாய்?

"ரெண்டு இட்லி. சாம்பார்ல நல்லா ஊறப்போட்டு."

"மத்தியானம்?"

"ரசஞ்சோறு. கொளகொளன்னு கரைச்சுக் குடிச்சேன்."

"கறி, கூட்டு?"

"நக்கோட்டி."

"சாயங்காலம்?"

"டீயில முக்கி ஒரு பிஸ்கட்."

"ராத்திரி?"

"பசிக்கலை. பால்தான்."

சிவப்பு விழுந்தது. கன்னத்தில் அறைந்த மாதிரி விழுந்தது. எனக்கு வந்த எரிச்சலை எப்படிச் சொல்வேன்! ஊரெல்லாம் அண்டர், என் அக்காவுமா? வந்த ஒரே ஆளையும் தூக்க வேண்டியதுதானா?

"யக்கா, விளையாடாத. ரெண்டு இட்லியில ஒரு ஆளு நாள் பூரா நிக்க முடியாது. அடுப்படியில நிக்கும்போது வாயில போட்டதெல்லாம் சொல்லு."

"ஒண்ணும் போடலட்டி. என்னமோ நெஞ்சுல நிக்க மாரி இருக்கு. வாயு. ஓமத்தண்ணி குடிச்சா சரியாயிரும்."

சொன்னாள். நெஞ்சில் நிற்கிற மாதிரி இருக்கிறது என்று என்னிடம், என் முகத்துக்கு நேரே சொன்னாள்! செயலியில் அதைப் போட ஓர் இடமில்லை. என்ன சாப்பிட்டாய், எவ்வளவு, எத்தனை மணிக்கு... அவ்வளவுதான் கேட்கும். எப்படி விழுங்கினாய் என்று கேட்காது. ஊறப்போட்டு, கரைத்து, முக்கி என்று அவள் சொன்ன மூன்று சொல்லும் கேட்க ஆளில்லாமல் கூடத்தில் விழுந்து கிடந்தன. செயலிக்குக் காது இல்லை, சரி. எனக்கு இருந்ததே?

பக்கத்து அறையிலிருந்து அக்கா மகள் சுவாதி எட்டிப் பார்த்தாள். கல்லூரியில் படிக்கிறவள். நாம் தமிழில் கேட்டால் அவள் தெலுங்கில் பதில் சொல்வாள். "சித்தி, அம்மா அஸ்ஸலு தினட்லேது" என்றாள். அம்மா சாப்பிடுவதே இல்லை என்று. நான் கையை வீசி அவளை உள்ளே அனுப்பினேன். எங்களுக்குக் கொடுத்த பயிற்சியில், பக்கத்தில் இருப்பவர்களைப் பதில் சொல்ல விடக் கூடாது என்று படித்திருந்தேன். பாருங்கள், அன்றைக்கு நான் ஒழுங்காகக் கடைப்பிடித்த ஒரே விதி அதுதான்.

இரண்டாவது ரீகாலுக்கு முன் போனில் அக்காவைப் பிடித்து உலுக்கினேன். "நீ இப்படிச் சொன்னா உன்னைத் தூக்கிருவாங்க. எனக்கு வேற ஆளு கிடையாது. என் வேலையே போயிரும்க்கா. ஒழுங்கா யோசிச்சுச் சொல்லு."

"என்ன சொல்லணும்ட்டி?" என்று கேட்டாள்.

என்ன சொல்ல வேண்டும் என்று கேட்டாள்! அங்கேயாவது நிறுத்தியிருக்க வேண்டாமா நான்? "உண்மையைச் சொல்லு" என்றேன், பெரிய நீதிபதி மாதிரி. உண்மையை அவள் ஏற்கெனவே சொல்லிவிட்டாள். ஆகவே இந்த முறை நாலு இட்லி, இரண்டு கரண்டி குழம்பு, அவியல், அப்பளம் என்று அடுக்கினாள். சிவப்பு போய்ப் பச்சை விழுந்தது. "பாத்தியா, யோசிச்சா ஞாபகம் வருதுல்ல?" என்றேன்.

பிறகு தராசு நாள்.

போனேன். சிறிய எலெக்ட்ரானிக் தராசு, பையில். அக்கா கல்யாணச் சமையல் மாதிரி சமைத்திருந்தாள். சாம்பார், முருங்கைக்காய்ப் பொரியல், கத்தரிக்காய்க் கூட்டு, அப்பளம். அத்தான் வேலைக்கும் சுவாதி கல்லூரிக்கும் போய்விட்டிருந்தார்கள். நாங்கள் இரண்டு பேர்தான். தட்டை வைத்து, தராசைப் பூஜ்யமாக்கி, ஒவ்வொன்றாக எடை போட்டேன். அவளே தாராளமாகப் போட்டுக்கொண்டாள். "இது போதுமாட்டி உனக்கு?" என்று கேட்டாள். அவள் தட்டைக் காட்டி, போதுமா என்று என்னைக் கேட்டாள்.

சாப்பிட உட்கார்ந்தாள். ஒவ்வொரு கவளத்துக்கும் ஒரு மடக்குத் தண்ணீர். மேலே பார்த்துக் கழுத்தை நீட்டி விழுங்கினாள். எனக்கு அடுத்த வீட்டுக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. "மெதுவா சாப்பிடுக்கா, ஒண்ணும் அவசரமில்ல" என்று சொல்லிக்கொண்டே கடிகாரத்தைப் பார்த்தேன். அந்தச் சமயம் மேடத்திடமிருந்து போன். பால்கனிக்குப் போய்ப் பேசினேன். எதிரே மலைமேல் தர்கா வெயிலில் வெள்ளையாகத் தெரிந்தது. "சம்பூர்ணமா முடிஞ்சுதா, மீனா?" என்றார் மேடம், தெலுங்கும் தமிழுமாக. "இன்னைக்கு முடிஞ்சிரும் மேடம்" என்றேன்.

திரும்பி வந்தபோது தட்டு காலி. கழுவியே வைத்துவிட்டாள். பல்லைக் காட்டிச் சிரித்தாள். கண்ணில் தண்ணீர் நின்றது. மிளகாய் ஏறிவிட்டது என்றாள்.

எனக்குச் சந்தேகம் வந்தது. வராமல் இருக்குமா? இது என் தொழில் அல்லவா. அரைமணி நேரமாகப் பாதியைக்கூடத் தாண்டாதவள், ஒரு போன் பேசி முடிப்பதற்குள் எப்படி முடித்தாள்? தண்ணீர் குடிக்கப் போகிறவள் போல அடுப்படிக்குப் போனேன். கூடையின் மூடியைத் தூக்கினேன்.

விதிப்படி அந்தச் சோற்றை அள்ளி எடுத்து எடை போட வேண்டும். அதைவிட முன்னால், ஒரு தங்கையாக, ஏன் கொட்டினாய் என்று கேட்க வேண்டும். ஒரே ஒரு கேள்வி! நாளெல்லாம் ஊரார் வீட்டுக் கரண்டியையும் கிண்ணத்தையும் பற்றி ஆயிரம் கேள்வி கேட்கிறவளுக்கு, அந்த ஒன்று வரவில்லை. வந்தது... நான் விழுங்கிவிட்டேன். கேட்டால் சிவப்பு விழும். ஆள் குறையும். மேடம் 'ஒக்கரே கதா' என்பார். மூடியை மூடினேன்.

மறுநாள் எங்கள் குழுவில் வேறொரு பெண் அக்காவைப் போனில் கேட்டாள். எல்லாவற்றையும் சாப்பிட்டேன், மிச்சமே வைக்கவில்லை என்று அக்கா சொல்லியிருக்கிறாள். அவள் பொய்யும் என் பொய்யும் கிராம் கணக்கில் பொருந்தின. "மீனா, உன் கடைசி ஆள் ரொம்பக் கரெக்டு!" என்று மேடம் பாராட்டினார். என் ஒப்பந்தம் நீண்டது. செயலி பாஸ்.

செயலி பாஸ் ஆக வேண்டியதுதான். ஒரு தட்டினால் ஒரு செயலியின் தலையெழுத்து மாறிவிடாது. அதில் எனக்கு உறுத்தல் இல்லை. எனக்கு ஆத்திரம் எதில் தெரியுமா? அது முதல் நாளே சரியாகச் சொல்லிவிட்டது! இந்தப் பெண் உயிர் வாழத் தேவையானதைக்கூடச் சாப்பிடவில்லை என்று சிவப்பில் சொன்னது. சோதிக்க வந்தவள்தான் தவறு. கருவியின் துல்லியத்தை ஆராய்ந்தோமே, அதைக் கையில் வைத்திருப்பவளை ஆராய்ந்தோமா?

மழைக்காலம் முடியும் நேரத்தில் அத்தான் போன் செய்தார். "மீனா, உங்க அக்காவுக்குத் தண்ணி கூட இறங்க மாட்டேங்கு. ஆஸ்பத்திரியில இருக்கோம்."

உணவுக்குழாயில் கட்டி. உங்களுக்கு விளங்கியிருக்கும், நான் சொல்லாமலே. வெளியாளான உங்களுக்கு, நாலு பக்கம் படித்ததிலேயே விளங்கிவிட்டது!

டாக்டர் கேட்டார். "எப்போலேர்ந்து முழுங்கக் கஷ்டம்?"

அக்கா விரலை மடக்கிப் பார்த்து, "ரெண்டு மூணு வாரமா" என்றாள். அத்தான் தலையாட்டினார். டாக்டர் கட்டிலைச் சுற்றி நின்ற எங்களைப் பார்த்தார். "வீட்டுல யாரும் கவனிக்கலையா?" என்று கேட்டார்.

வெயில் காலத்திலிருந்தே என்று எனக்குத் தெரியும். அக்காவை விட்டால் அந்த அறையில் எனக்கு மட்டும்தான் தெரியும். நான் வாயைத் திறக்கவில்லை. ஊராரையெல்லாம் அண்டர், அண்டர் என்று பழித்தவள், என்னைக் கேட்ட நேரத்தில் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். சொல்லியிருந்தால் வைத்தியம் மாறியிருக்குமா? மாறியிருக்காது என்று நானே எனக்குச் சொல்லிக்கொள்கிறேன். டாக்டர் சொன்னது ஒன்றுதான். "கொஞ்சம் முன்னாடி வந்திருக்கலாம்."

கொஞ்சம் முன்னாடி! அந்தக் கொஞ்சம் என்பது எவ்வளவு? எந்தப் படத்தைக் காட்டி, எந்தக் கிண்ணத்தில் அளப்பேன் அதை?

இப்போது அக்காவுக்கு வயிற்றில் குழாய் போட்டிருக்கிறார்கள். கஞ்சியையும் மாவுப் பாலையும் வடிகட்டி, பெரிய சிரிஞ்சுக் குழலில் எடுத்து, அந்தக் குழாய் வழியாக ஊற்ற வேண்டும். காலை வேளை என் பொறுப்பு. வேலைக்குப் போகிற வழியில் மௌலா அலிக்குப் போய்விடுகிறேன். இத்தனை மில்லி கஞ்சி, பிறகு இத்தனை மில்லி தண்ணீர் என்று டாக்டர் எழுதிக் கொடுத்திருக்கிறார். சொட்டுக் குறையாமல் ஊற்றுகிறேன். ஒரு மனிதர் என்ன சாப்பிட்டார் என்று என் ஆயுளில் முதல்முறையாகச் சந்தேகமே இல்லாமல் எனக்குத் தெரிகிறது. படம் காட்ட வேண்டாம். கேட்க வேண்டாம். அவள் பொய் சொல்லவும் முடியாது.

பார்க்க வருகிறவர்களிடம் அவளுக்கு ஒரு பெருமை. "எந்தங்கச்சி ஆராய்ச்சியில நானும் இருக்கேன், தெரியும்லா?" என்பாள். குரல் கம்மிவிட்டது, ஆனாலும் சொல்வாள். வந்தவர்கள் என்னை மரியாதையோடு பார்ப்பார்கள். ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்கும் அலைகிற தங்கை, அதிலும் இந்த விஷயம் படித்தவள், கொடுத்து வைத்தவள் செண்பகம் என்பார்கள். எனக்கு அவர்கள் வாயைப் பொத்த வேண்டும் போலிருக்கும்.

சென்ற வாரம் கஞ்சி ஊற்றிக்கொண்டிருந்தேன். அக்கா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏட்டி, ஒண்ணு சொன்னா திட்டமாட்டியே?"

"சொல்லுக்கா."

"அன்னைக்கு நீ தராசு கொண்டாந்தேல்லா... நீ போன் பேசப் போனதும் சோத்தக் கூடையில கொட்டிட்டேன்ட்டி. இறங்கல. உங்கிட்டச் சாப்ட்டேன்னு சொல்லிட்டேன். மறுநா போன்ல கேட்ட பிள்ளகிட்டயும் பொய் சொல்லிட்டேன்."

என் கையில் கஞ்சி நிறைந்த குழல் இருந்தது.

"உன் வேலைக்குக் கேடு வந்துருமோன்னு அன்னையிலேர்ந்து மனசுக்குள்ள அரிச்சிட்டே இருக்கு. எவ்வளவு நம்பிக்கையா என்னயச் சேத்த! உன்னய ஏமாத்திட்டேன்லா?"

நீங்களே சொல்லுங்கள். அந்த இடத்தில் மனிதப் பிறவியாக இருக்கிற எவளும் என்ன செய்திருப்பாள்? குழலைக் கீழே வைத்துவிட்டு, நான் பார்த்தேன் அக்கா, மூடியைத் தூக்கி என் கண்ணால் பார்த்தேன் என்று சொல்லியிருப்பாள். ஏழு சொல், எட்டுச் சொல். அதற்கு மேல் வேண்டியதில்லை. அவளே வழியைத் திறந்து வைத்து, வா என்று நிற்கிறாள்...

அவள் கண் என் முகத்தை விட்டு நகரவில்லை. பயந்துகொண்டிருந்தாள். நான் திட்டிவிடுவேன் என்று, கட்டிலில் குழாயோடு கிடக்கிற என் அக்கா, என்னைப் பார்த்துப் பயந்துகொண்டிருந்தாள்.

"அதுக்கென்னக்கா, விடு" என்றேன். "நான் ஒண்ணும் தப்பா நினைக்கல."

அவள் முகம் தெளிந்தது. கண்ணை மூடிக்கொண்டாள். பெரிய பாரம் இறங்கினவள் போல மூச்சு விட்டாள். என் மணிக்கட்டை இரண்டு முறை தட்டிக்கொடுத்தாள்.

நான் அவளை மன்னித்தேன். மிச்சக் கஞ்சியையும் ஊற்றிவிட்டு, குழாயில் தண்ணீர் விட்டு, மூடியை மூடினேன்.